ஃபேர்னஸ் நிற்க முன்னர் காட்டும் குறிகள்

கனடாவில், ரொறன்ரோவின் மால்வேர்ன் பகுதியில் ஒரு அன்ரி இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டிவிட்டது. பேஸ்மென்றில் படுக்கிறவர். வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபேர்னஸ் இருக்கிற அறைக்கும் அவருடைய கட்டிலுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான். ஒரு நவம்பர் காலை ஆறரை மணிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, முந்தியெல்லாம் உது டிக்கெண்ட உடன பத்தி ஓடும். இப்ப ரெண்டு கிழமையா பத்துது, நூருது, திரும்பப் பத்துது, திரும்ப நூருது. மூண்டாம் தரம்தான் பிடிக்குது. மகன் ஒண்டுமில்லை, வீடு சூடாத்தானே இருக்கு எண்டுறான்."

நான் வானை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பழுது என்னவென்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. மத்தியானம் போய் ஃபிளேம் சென்சர் என்கிற, நெருப்பை உணரும் கம்பியைக் கழற்றி, மெல்லிய ஸ்ரீல் வூலால் துடைத்துத் திரும்பப் பூட்டினேன். கால் மணித்தியால வேலை. அன்ரி அப்போது அழைக்காமல் விட்டிருந்தால் அதே பழுது ஜனவரியில், மைனஸ் 20 இரவில், மூன்று தரம் முயன்று தோற்று, ஃபேர்னஸ் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் வரைக்கும் போயிருக்கும். இரவு ஒரு மணிக்குக் குழந்தைகளைப் போர்வையால் சுற்றி வைத்துக்கொண்டு யாரையாவது தேடுவார்கள். அவசர அழைப்புக்கு இரட்டிப்புக் காசு கொடுப்பார்கள்.

நான் ஜி2 உரிமம் உள்ள காஸ் ரெக்னீஷியன். 17 வருடமாக ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கங்களில் எங்கள் ஆட்களின் வீடுகளில்தான் பெரும்பாலும் வேலை. நடு இரவில் நான் ஓடிப்போன வீடுகளில் அநேகமானவற்றில், "இதுக்கு முதல் ஏதும் வித்தியாசம் தெரிஞ்சதோ?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "ஓம், கொஞ்ச நாளா ஒரு சத்தம் வந்தது." ஃபேர்னஸ் திடீரென்று சாவது குறைவு. அது முதலில் தன் பழக்கத்தை மாற்றும். பழக்கம் மாறியதைக் கண்டுபிடிக்க, பழக்கம் எது என்று முதலில் தெரிந்திருக்கவேண்டும். அதைச் சொல்லித்தரத்தான் இதை எழுதுகிறேன்.

ஒக்ரோபரில் ஒரு இருபது நிமிடம்

தாங்ஸ்கிவிங் விடுமுறை வருகிற கிழமை, ஒரு கதிரையை எடுத்துக்கொண்டு ஃபேர்னஸ் அறைக்குப் போங்கள். மேலே ஒருவரிடம் சொல்லி தேர்மோஸ்ராற்றை இரண்டு மூன்று பாகை கூட்டச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்.

முதலில் ஒரு மெல்லிய விசிறிச் சத்தம். அது இன்டியூசர் மோட்டர். எரிந்த புகையை வெளியே இழுத்துத் தள்ளுவது அதன் வேலை. காற்று சரியாக இழுபடுகிறதா என்று பிரஷர் சுவிட்ச் பார்க்கும். சரியென்றால் ஒரு சிறிய 'டிக்'. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். அந்த நேரத்தில் நெருப்பு மூட்டுகிற இக்னைட்டர் செக்கச்செவேலென்று பழுத்துக்கொண்டிருக்கும். முன்பக்கத்தில் சின்னக் கண்ணாடி இருந்தால் அந்த வெளிச்சம் தெரியும். அரை நிமிடத்துக்குள் இன்னொரு 'டிக்', காஸ் வால்வு திறக்கும், 'ஊஃப்' என்று மெதுவாக நெருப்புப் பற்றும். பேர்னர்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வரிசையாகப் பிடிக்கும். நெருப்பு உண்மையிலேயே பற்றியதா என்று ஃபிளேம் சென்சர் சில விநாடிகளுக்குள் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் காஸ் நிற்கும். எல்லாம் சரியென்றால் இன்னும் அரை நிமிடமளவில் பெரிய விசிறி, அதாவது புளோவர், ஓடத் தொடங்கும். வென்றுகளில், அதாவது அறைகளுக்குக் காற்று வருகிற துவாரங்களில், சூடான காற்று வரும்.

வீடு போதிய சூட்டுக்கு வந்ததும் நெருப்பு நிற்கும். புளோவர் மட்டும் இன்னும் ஒன்றரை, இரண்டு நிமிடம் ஓடி மிச்சச் சூட்டையும் தள்ளிவிட்டு நிற்கும்.

இந்த ஒழுங்கைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து வையுங்கள். இதைச் செய்த வாடிக்கையாளர்கள் எனக்கு இருக்கிறார்கள். ஜனவரியில் சந்தேகம் வந்தால் பழைய பதிவையும் புதியதையும் அனுப்புவார்கள், நான் வீட்டிலிருந்தே பாதிப் பழுதைச் சொல்லிவிடுவேன்.

கதிரையில் இருக்கும்போதே இன்னொன்றும் பாருங்கள். வெளியே போகிற குழாய் வெள்ளை பிளாஸ்ரிக்கா, உலோகமா? வெள்ளை பி.வி.சி. குழாய் என்றால் உயர்திறன் ஃபேர்னஸ். உலோகக் குழாய் புகைபோக்கிக்குப் போகிறதென்றால் பழைய வகை. 2009 முடிந்த பிறகு கனடாவில் 90 வீதத்துக்குக் குறைந்த திறனுள்ள காஸ் ஃபேர்னஸ்களை வீட்டுக்கென்று தயாரிக்க விதி இடம் கொடுக்கவில்லை. 2019 ஜூலையிலிருந்து அது 95 வீதம். ஆகவே உலோகக் குழாய் உள்ளது பெரும்பாலும் 15 வருடம் தாண்டிய இயந்திரம். ஒரு ஃபேர்னஸின் ஆயுள் சாதாரணமாக 15 முதல் 20 வருடம். வயது தெரியாவிட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டில் தொடர் இலக்கத்தைப் பாருங்கள். குட்மனில் முதல் நான்கு இலக்கம் வருடமும் மாதமும்: 1403 என்றால் 2014 மார்ச். கேரியரில் கிழமையும் வருடமும்: 3912 என்றால் 2012இன் 39ஆவது கிழமை.

பற்றி நூருவதும், பற்றாமலே இருப்பதும்

மால்வேர்ன் அன்ரி சொன்னது முதலாவது. நெருப்புப் பற்றுகிறது, மூன்று நான்கு விநாடியில் அணைகிறது, திரும்ப முயல்கிறது. ஃபிளேம் சென்சர் என்பது நெருப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய உலோகக் கம்பி. நெருப்பின் ஊடாக மைக்ரோ அம்பியர் கணக்கில் மிகச் சிறிய மின்சாரம் அதில் பாயும். கம்பியில் படிவு ஏறினால் அந்த மின்சாரம் குறையும். நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே "நெருப்பு இல்லை" என்று இயந்திரம் நினைத்து காஸை வெட்டிவிடும். வீட்டில் திருத்த வேலை செய்து, டிரைவோல் தூள் பறந்த பிறகு இது அடிக்கடி வரும். பேஸ்மென்றை முடிக்கிறவர்கள் கவனியுங்கள்: சுவர் தேய்க்கிற நாட்களில் ஃபேர்னஸை நிறுத்தி வையுங்கள்.

'டிக்' கேட்கிறது, காஸ் வருகிறது, ஆனால் நெருப்பே பற்றவில்லை என்றால் இக்னைட்டர். கண்ணாடியால் பாருங்கள், செம்மஞ்சள் வெளிச்சம் வரவில்லையா? அது வெடித்திருக்கும். பழைய வகை சிலிக்கன் காபைட் இக்னைட்டர்கள் முட்டை ஓடு மாதிரி. சில வருடத்தில் போகத்தான் செய்யும், வெறும் விரலால் தொடுவதும் கூடாது. இது குறி காட்டாமல் திடீரென்று போகும் சில பாகங்களில் ஒன்று. ஆனால் மலிவான பாகம். "இக்னைட்டர் போட்டுது, முழு ஃபேர்னஸும் மாத்தவேணும்" என்று ஒருவர் சொன்னால் அவரை வெளியே விட்டுக் கதவைப் பூட்டுங்கள்.

மூன்று தரம் முயன்று முடியாவிட்டால் பெரும்பாலான ஃபேர்னஸ்கள் தங்களைப் பூட்டிக்கொள்ளும், பிறகு ஒரு மணித்தியாலமோ மூன்று மணித்தியாலமோ கழித்து மறுபடி முயலும். "சிலநேரம் வேலை செய்யுது, சிலநேரம் செய்யுதில்லை" என்று நீங்கள் சொல்வது இதைத்தான். மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் உடனே ஓடும். அதனால் ஆட்கள் சுவிட்சைப் போட்டுப் போட்டு ஒரு மாதம் கடத்துவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு தரம் போட்டுப் பாருங்கள். இரண்டாம் தரமும் பூட்டிக்கொண்டால் ஆளைக் கூப்பிடுங்கள்.

காற்று வருகிறது, ஆனால் சூடில்லை

எனக்கு வருகிற அழைப்புகளில் இதுதான் கூட. "தம்பி, காத்து நல்லா வருது, ஆனா பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர்."

முதலில் தேர்மோஸ்ராற்றில் விசிறி 'ஆட்டோ'வில் இருக்கிறதா, 'ஒன்'னில் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஒன்'னில் விட்டால் நெருப்பு இல்லாத நேரமும் விசிறி ஓடும், குளிர்காற்று வரும். பழுது ஒன்றுமில்லை.

'ஆட்டோ'வில் இருந்தும் இப்படி என்றால், நெருப்புப் பற்றி மூன்று நான்கு நிமிடத்தில் அணைகிறதா, விசிறி மட்டும் தொடர்ந்து ஓடுகிறதா என்று கேளுங்கள். அப்படியென்றால் லிமிட் சுவிட்ச் வெட்டுகிறது. உள்ளே சூடு அளவு மீறிப் போகிறது, அதைத் தள்ளிக்கொண்டு போகப் போதிய காற்று இல்லை. பத்தில் ஒன்பது தரம் காரணம் ஃபில்ரர்.

எங்கள் வீடுகளைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நாங்கள் தாளிக்கிறோம், பொரிக்கிறோம், சாமியறையில் சாம்பிராணி போடுகிறோம், கற்பூரம் கொளுத்துகிறோம். அந்த எண்ணெய்ப் புகையும் கரியும் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஃபில்ரர். பெட்டியில் "மூன்று மாதம்" என்று எழுதியிருந்தாலும், ஆறு பேர் இருந்து மூன்று நேரமும் சமைக்கிற வீட்டில் ஒரு அங்குல ஃபில்ரர் ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். அம்புக்குறி ஃபேர்னஸ் பக்கம் பார்க்கவேண்டும். நான்கைந்து அங்குலத் தடிப்பான ஃபில்ரர் என்றால் ஆறு மாதத்துக்கு மேலும் போகும். இன்னொன்று: பிள்ளைக்கு இழுப்பு இருக்கிறதென்று மேர்வ் 13 என்கிற மிக நெருக்கமான ஃபில்ரரை ஒரு அங்குலத் தடிப்பில் வாங்கிப் போடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பல ஃபேர்னஸ்களுக்கு அதனூடாக மூச்சு விட முடியாது. ஒரு அங்குலத்துக்கு மேர்வ் 8 போதும். அதைவிட நெருக்கமாக வேண்டுமென்றால் தடித்த ஃபில்ரர் பெட்டி பூட்டிக்கொள்ளுங்கள்.

காற்று திரும்பிப் போகிற பெரிய வென்றுகளைச் சோபாவால் மறைக்காதீர்கள். ஆளில்லாத அறைகளின் வென்றுகளைப் பூட்டினால் காசு மிச்சம் என்று நினைத்துப் பாதி வீட்டைப் பூட்டி வைக்கிறவர்களும் உண்டு. அதனாலும் உள்ளே சூடு தேங்கி லிமிட் வெட்டும். அடிக்கடி அப்படி வெட்டினால் நெருப்பின் சூட்டை வீட்டுக் காற்றுக்குக் கடத்துகிற உலோகப் பாகமான ஹீற் எக்ஸ்சேஞ்சர் விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி, பல வருடத்தில் வெடிப்பு விடும். இருபது டொலர் ஃபில்ரரில் தொடங்கிய கதை முழு ஃபேர்னஸில் போய் முடியும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. ஃபேர்னஸ் பத்து நிமிடம் ஓடிய பிறகு, சமையலறை வெப்பமானியால் திரும்புகிற காற்றின் சூட்டையும் ஃபேர்னஸுக்குக் கிட்டவுள்ள வென்றில் வருகிற காற்றின் சூட்டையும் அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள். தகட்டில் எவ்வளவு உயரலாம் என்று ஒரு எல்லை, பெரும்பாலும் பரனைற்றில், எழுதியிருக்கும்: 35 முதல் 65 வரை என்பதுபோல. மேல் எல்லையை முட்டினால் காற்றுப் போதவில்லை.

சத்தங்கள்

பற்றும்போது 'டும்' என்று ஒரு வெடிச்சத்தம் வந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். பேர்னரில் அழுக்கு இருந்து நெருப்பு உடனே பிடிக்காமல், சேர்ந்த காஸ் ஒன்றாகப் பற்றுகிறது. ஒவ்வொரு தரமும் அந்த அடி ஹீற் எக்ஸ்சேஞ்சரில்தான் விழும். ஆனால் பற்றி ஒரு நிமிடம் கழித்து, அல்லது நின்ற பிறகு, தகரக் குழாய்கள் 'டொக்' என்று சத்தம் போடுவது சூட்டில் தகரம் விரிவது. அது பயமில்லை. எப்போது சத்தம் வருகிறது என்பதை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

தொடக்கத்தில் கீச்சிட்டுப் பிறகு அடங்குகிற சத்தம் இன்டியூசர் மோட்டரின் பேரிங். குளிர்காலம் முழுக்க ஒரு நாளைக்குப் பலமுறை ஓடுகிற மோட்டர், முதலில் தேய்வது அதுதான். கீச்சிடத் தொடங்கி ஒரு மாதம் போகலாம், ஒரு குளிர்காலமே போகலாம். அந்த இடைவெளியில் பாகத்தை ஓடர் பண்ணி மாற்றிவிட்டால் சுகம். புளோவர் ஓடும்போது அதிர்ந்து கரகரத்தால் விசிறிச் சக்கரத்தில் தூசி ஏறிச் சமநிலை குழம்பியிருக்கும், அல்லது அதன் மோட்டர் களைத்துவிட்டது. விசில்போல ஊதினால் மறுபடி ஃபில்ரரைப் பாருங்கள்.

'களக் களக்' என்று தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் உயர்திறன் ஃபேர்னஸுக்கே உரியது. புகையில் உள்ள நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடிப்பதால் கடுங்குளிர் நாளில் வாளிக்கணக்கில் தண்ணீர் வரும். அது ஒரு சின்னக் குழாயால் வடிகாலுக்கோ பம்புக்கோ போகும். அந்தக் குழாயில் வழுவழுப்பான பாசி அடைத்தால் தண்ணீர் பின்னுக்கு ஏறி, இன்டியூசர் ஓடினாலும் பிரஷர் சுவிட்ச் மூடாது. நெருப்பு வரைக்கும் போகவே போகாது. ஃபேர்னஸின் அடியில் ஈரமோ வெள்ளை, துருக் கறையோ கண்டால் இதுதான். பம்ப் இருக்கிற வீடுகளில் பம்ப் நின்றாலும் அதோடு ஃபேர்னஸும் நிற்கலாம். பம்ப் பெட்டியில் தண்ணீர் நிரம்பி நிற்கிறதா என்று பாருங்கள்.

இதே குறி, அதாவது இன்டியூசர் ஓடுகிறது, வேறொன்றும் நடக்கவில்லை என்பது, பனிப்புயலுக்கு அடுத்த நாள் வந்தால் உள்ளே தேடவேண்டாம். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போங்கள். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வெள்ளைக் குழாய்களையும் பனி மூடியிருக்கும். டிரைவேயில் அள்ளிய பனியை அந்தப் பக்கமே குவித்துவிட்டு "வேலை செய்யுதில்லை" என்று அழைத்த வீடுகள் ஒரு குளிர்காலத்திலேயே நான்கைந்து. கையால் தட்டிவிடுங்கள், சுற்றிவர ஒரு மீட்டர் வெளியாக வையுங்கள். மிகக் குளிரான இரவில் புகையின் ஈரம் காற்று உள்ளே இழுக்கிற குழாயின் வாயில் பனிக்கட்டியாகப் பிடிப்பதும் உண்டு.

இடைவிடாமல் ஓடுவது பழுதா?

மைனஸ் 20க்குக் கீழே போன நாளில் ஃபேர்னஸ் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடுகிறது, வீடு 20, 21 பாகையில் இருக்கிறது என்றால் அது நல்ல ஃபேர்னஸ், சரியான அளவு ஃபேர்னஸ். அதற்காக என்னைக் கூப்பிடவேண்டாம். பிளஸ் 3 பாகை நாளில் நிற்காமல் ஓடினாலோ, அல்லது ஐந்து நிமிடத்துக்கொரு தரம் பற்றிப் பற்றி நின்றாலோ கூப்பிடுங்கள். மிதமான குளிர் நாளில் ஒரு தரம் பற்றினால் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவேண்டும்.

காஸ் பில்லும் ஒரு குறிதான். ஆனால் டொலரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காஸ் விலை காலாண்டுக்கு ஒருமுறை மாறும். 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து காபன் கட்டணமும் பில்லிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே டொலர் குறைந்திருந்தாலும் ஃபேர்னஸ் கூடக் குடித்துக்கொண்டிருக்கலாம். கன மீட்டரைப் பாருங்கள். போன வருடம் ஜனவரியில் எத்தனை கன மீட்டர், இந்த ஜனவரியில் எத்தனை? இரண்டு ஜனவரியின் குளிரும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, வீட்டில் ஆளும் கூடாமல், பாவனை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருந்தால் ஏதோ பிழை.

நெருப்பின் நிறமும், மணமில்லாத வாயுவும்

இந்தப் பகுதியைப் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறவர்களும் வாசிக்கவேண்டும்.

நெருப்பு நீலமாக, நிமிர்ந்து, ஆடாமல் இருக்கவேண்டும். இடையிடையே ஒரு செம்மஞ்சள் பொறி தூசியால் வரும், அது ஒன்றுமில்லை. மஞ்சளாக, சோம்பலாக ஆடுகிற நெருப்பு சரியாக எரியவில்லை. அதைவிட முக்கியமான குறி ஒன்று: புளோவர் ஓடத் தொடங்குகிற அந்தக் கணத்தில் நெருப்பு ஆடினாலோ, வளைந்து வெளியே நாக்கு நீட்டினாலோ, ஹீற் எக்ஸ்சேஞ்சரில் வெடிப்பு இருக்கலாம். வீட்டுக் காற்று நெருப்புக்குள் புகுகிறது என்று அர்த்தம். ஃபேர்னஸை நிறுத்துங்கள். அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

ஊரில் விஞ்ஞானப் பாடத்தில் காபனோரொட்சைட்டு என்று படித்தோமே, அதுதான் கார்பன் மொனொக்சைட். நிறமில்லை, மணமில்லை. தலையிடி, வயிற்றைப் பிரட்டுதல், சோர்வு என்று காய்ச்சல்போலத் தொடங்கும். காய்ச்சல் என்றால் ஒருவருக்கு வந்து மற்றவருக்குத் தொற்ற நாள் எடுக்கும். இது வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக வரும், வெளியே போனால் குறையும், வீட்டுக்கு வந்தால் திரும்பும். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்ரொக்கில் ஒரு குடும்பத்தில் நான்கு பேர், தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள், காஸ் ஃபயர்பிளேஸின் புகைக்குழாய் அடைத்ததால் இந்த வாயுவில் இறந்துபோனார்கள். அலாரம் இருக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் பெயரால் வந்ததுதான் ஹோக்கின்ஸ்-ஜிக்னாக் சட்டம். 2014இலிருந்து ஒன்ராறியோவில் காஸ் போன்ற எரிபொருளால் ஓடும் கருவி உள்ள வீடுகளில் படுக்கை அறைகளுக்குக் கிட்ட இந்த வாயுவைக் கண்டறியும் சீ.ஓ. அலாரம் கட்டாயம். ஒரு மாடிக்கு ஒன்று வையுங்கள், பேஸ்மென்றில் ஆள் படுக்கிறதென்றால் அங்கே கட்டாயம் வையுங்கள்.

அலாரம் அடிக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நான்கு தரம் அடித்து, நிறுத்தி, மறுபடி நான்கு தரம் அடித்தால் வாயு. எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 911. யன்னலைத் திறந்துவிட்டுப் பார்ப்போம் என்பதெல்லாம் வேண்டாம். அரை நிமிடத்துக்கு, ஒரு நிமிடத்துக்கு ஒரு தரம் ஒற்றை 'கீச்' என்றால் பற்றரி முடிகிறது அல்லது அலாரத்தின் ஆயுள் முடிகிறது. ஏழிலிருந்து பத்து வருடம்தான் அதன் ஆயுள், பின்பக்கத்தில் திகதி இருக்கும். அலாரம் அடிக்கவில்லை என்பதால் எல்லாம் சுகம் என்றும் இல்லை: 70 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு) அளவில் அது அடிக்க ஒரு மணித்தியாலத்திலிருந்து நான்கு மணித்தியாலம் வரை எடுக்கலாம், 400இல்தான் 15 நிமிடத்துக்குள் அடிக்கும். ஆகவே உடம்பு சொல்வதையும் கேளுங்கள்.

அழுகிய முட்டை மணம் வந்தால் அது வேறு சங்கதி. காஸ் கசிகிறது. லைற் சுவிட்சைத் தொடாமல், போடவும் வேண்டாம் நிறுத்தவும் வேண்டாம், வெளியே போய் அங்கிருந்து அழையுங்கள்.

ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற இடம் உள்ள வீடுகள் நிறைய. பிளீச் போத்தல்களையும் பெயின்ற் தகரங்களையும் அங்கே அடுக்காதீர்கள். பிளீச்சின் ஆவி நெருப்புக்குள் போனால் அமிலமாகி உள்ளே இருக்கும் உலோகத்தைத் தின்னும். அரிசி மூட்டையையும் பெட்டிகளையும் ஒட்டி வைக்காமல் மூன்றடி இடம் விடுங்கள்.

"வெடிச்சுப் போச்சு, மாத்தவேணும்" என்று ஒருவர் சொன்னால்

ஏஜக்ஸில் ஒரு அங்கிள். காஸ் கொம்பனியிலிருந்து வருகிறோம், இலவசப் பரிசோதனை என்று இரண்டு பேர் கதவைத் தட்டியிருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் "ஹீற் எக்ஸ்சேஞ்சர் வெடித்துவிட்டது, குடும்பத்துக்கே ஆபத்து" என்று சொல்லி, பத்து வருட வாடகைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிப் புதியதைப் பூட்டிவிட்டுப் போனார்கள். பழையது எட்டு வருடம்கூட ஆகவில்லை. வீட்டை விற்கப் போனபோதுதான் வீட்டின் பத்திரத்தில் கடன் பதிந்திருப்பது தெரிந்தது. அவர் அழுததைப் பார்த்தவன் நான். அதனால் இதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

2018 மார்ச் முதலாம் திகதியிலிருந்து, நீங்கள் கூப்பிடாமல் வீடு தேடி வந்து ஃபேர்னஸ், ஏசி, சுடுநீர்த் தாங்கி போன்றவற்றுக்கு ஒப்பந்தம் எழுதுவது ஒன்ராறியோவில் தடை. 2024 ஜூனில் வந்த சட்டத்தால் இப்படி நுகர்வோர் பொருட்களுக்காக வீட்டுப் பத்திரத்தில் கடன் பதிவதும் நிறுத்தப்பட்டது. வந்தவருக்கு, காஸ் வேலைக்கு ஒன்ராறியோவில் உரிமம் வழங்கும் அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ.யின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். வெடிப்பு என்றால் கமராவால் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாகவே ஆபத்து என்றால் ரெக்னீஷியன் சிவப்பு அட்டை கட்டவேண்டும்: 'ஏ' அட்டை உடனே காஸை நிறுத்துவது, 'பி' அட்டை குறித்த நாளுக்குள் திருத்தவேண்டியது. ஆபத்து ஆபத்து என்று வாயால் மட்டும் சொல்லி அட்டை கட்டாமல் பேனையை நீட்டுகிறவரை நம்பாதீர்கள். இரண்டாவது ஆளிடம் காட்டுங்கள்.

எப்போது மாற்றுவது? என் கணக்கு இது. 10 வருடத்துக்குட்பட்டதென்றால் திருத்துங்கள். முதலில் தொடர் இலக்கத்தைக் கொடுத்து உத்தரவாதம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹீற் எக்ஸ்சேஞ்சருக்குப் பல கொம்பனிகள் நீண்ட உத்தரவாதம் தருகின்றன, ஆட்கள் அதை அறியாமலே காசைக் கொடுக்கிறார்கள். 15 தாண்டி, ஒரு குளிர்காலத்தில் இரண்டாவது பெரிய பாகமும் போனால் மாற்றுவதுதான் சரி. அதையும் செப்டெம்பரில் மாற்றுங்கள். ஜனவரியில் குளிருக்குள் நின்றுகொண்டு பேரம் பேச ஒருவராலும் முடியாது.

இரவில் நின்றுவிட்டால்

தேர்மோஸ்ராற்றின் முகம் வெறுமையாக இருந்தால் பற்றரியை மாற்றுங்கள். பேஸ்மென்ற் படிக்கட்டில் லைற் சுவிட்ச் மாதிரியே ஒரு சுவிட்ச் இருக்கும், பலவேளை சிவப்புத் தகட்டோடு. அது ஃபேர்னஸுக்குரியது. லைற் என்று நினைத்துப் பிள்ளைகள் நிறுத்திவிடுவார்கள். மார்க்கத்தில் ஒரு வீட்டுக்கு நத்தார் இரவில் போய் அந்த ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பிறகு பிரேக்கர், ஃபில்ரர், வெளிக்குழாய், தண்ணீர்ப் பம்ப், ஃபேர்னஸின் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்பது. இவ்வளவும் நீங்களே பார்க்கலாம்.

மின்சாரம் போனால் காஸ் ஃபேர்னஸும் ஓடாது. 2013 டிசம்பர் உறைபனிப் புயலில் ரொறன்ரோவில் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மேல் மின்சாரம் போனபோது, கரி பார்பிகியூவையும் ஜெனரேற்றரையும் வீட்டுக்குள் வைத்தவர்கள் வாயுவால் பாதிக்கப்பட்டார்கள். காஸ் அடுப்பின் ஓவனைத் திறந்துவிட்டுச் சூடு காய்வதும் அதே ஆபத்துத்தான். மின்சாரம் இருந்தால் மின் ஹீற்றரை நேரே சுவர்ப் பிளக்கில் போட்டு, எல்லோரும் ஒரே அறையில் படுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களில் நூல்போலத் தண்ணீரை ஓடவிடுங்கள், சிங்கின் கீழ்க் கதவுகளைத் திறந்து வையுங்கள். குழாய் உறைந்து வெடித்தால் ஃபேர்னஸைவிடப் பெரிய செலவு.

ஆளைக் கூப்பிட முன்னர், ஃபேர்னஸின் கதவில் உள்ள சின்னக் கண்ணாடியால் உள்ளே மின்னுகிற எல்.ஈ.டி.யைப் பாருங்கள். எத்தனை தரம் மின்னி நிற்கிறது என்று எண்ணி எழுதுங்கள். கதவைக் கழற்ற முன்னர் இதைச் செய்யவேண்டும். கழற்றினால் கதவுச் சுவிட்ச் மின்சாரத்தை வெட்டும், பல ஃபேர்னஸ்களில் அந்தக் குறியீடு அழிந்துவிடும். எழுதிய பிறகு கழற்றினால் கதவின் உட்பக்கத்தில் அதற்கு விளக்கம் ஒட்டியிருக்கும். பிறகு தொலைபேசியில் இவ்வளவும் சொல்லுங்கள்: கொம்பனிப் பெயர், தொடர் இலக்கம், எத்தனை மின்னல், இன்டியூசர் ஓடுகிறதா, நெருப்புத் தெரிகிறதா, எத்தனை நிமிடத்தில் நிற்கிறது. இதைக் கேட்டால் நான் புறப்படும்போதே சரியான பாகத்தை வானில் ஏற்றிக்கொண்டு வருவேன்.